மூன்றாவது வெச்சிரட்டுமா

சாந்தாமணிக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால், அது 'அப்புறம்'. வைதால்கூடத் தாங்கிக்கொள்வாள். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த பிறகு, எதிராளி ஒரு மூச்சை இழுத்து விட்டுவிட்டு 'அப்புறம்?' என்று கேட்பாரே, அப்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் என்ன அப்புறம்? தறி ஓடுகிறது, வாசலில் லாரி நிற்கிறது, ஆர்டர் கழுத்து வரை கிடக்கிறது. இதில் அப்புறத்துக்கு எங்கே போவது?

திருப்பூர் மங்கலம் ரோட்டில் அவளுடைய எலாஸ்டிக் கம்பெனி இருந்தது. உள்ளாடையின் இடுப்பில் பெயர் நெய்த பட்டை வருமே, அதுதான் சரக்கு. ஐரோப்பாக்காரன் மானம் நம் கையில் இருக்கிறது என்று ஒரு காலத்தில் தோழி இந்திராணியிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒரே ஷெட்டில் பழைய தறி இரண்டை வாங்கிப் போட்டு இருவரும் சேர்ந்துதான் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு இந்திராணி தனியாக அட்டைப்பெட்டி கம்பெனி வைத்துக்கொண்டு போனாள். சண்டை ஒன்றும் இல்லை. அவளுக்கு ரப்பர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சாந்தாமணியைக் கட்டியவனுக்குத் தறிச்சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சத்தமில்லாத ஊராகப் பார்த்துப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று கேள்வி. பிள்ளை இல்லை. மிச்சமிருந்த சொந்தம், தினமும் நாலு மணி டீக்கு இந்திராணியிடமிருந்து வரும் போன் ஒன்றுதான்.

கொங்கு நாட்டில் ஒருவர் எதற்காக வந்தார் என்பது அவர் கிளம்பும்போதுதான் தெரியும். நூல் ஏஜெண்ட் நாச்சிமுத்து வந்தால் மழையில் தொடங்குவார். மழையிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து மகளின் மாமனாருக்கு. இரண்டு டீ உள்ளே போகும். எழுந்து, செருப்பைக் காலில் மாட்டி, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்த பிறகுதான், "ஆமாங், அடுத்த வாரம் நூல் ரேட்டு ஏறுதாட்ட இருக்குது, இப்பவே எடுத்து வெச்சுக்குங்" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்திருப்பார். போனிலும் இதே கதைதான். 'சரி, வெச்சிரட்டுமா' என்று முதல் தடவை கேட்டால், வைக்கப்போகிறார்கள் என்று பொருளில்லை. மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வெச்சிரட்டுமாவுக்குத் தொண்டையைச் செருமுவார்கள். மூன்றாவதுக்குப் பிறகு வரும் பேச்சுத்தான் பேச்சு.

இந்தச் சுற்றுவழியிலேயே தன் ஆயுசு கரைகிறது என்று சாந்தாமணி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கோயம்புத்தூரிலிருந்து நிகிலன் என்ற பையன், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தான். பெட்டிக்குச் 'சாரம்' என்று பெயர்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் மேடம் பேச்சுக்குப் போகுது?" என்று கேட்டான்.

"தூங்கற நேரம் போக மீதி பூராம்."

"அதுல விஷயம்னு எவ்ளோ இருக்கும்?"

சாந்தாமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வியாபாரம் முடிந்துவிட்டது. பெட்டி அவளுடைய பழைய அழைப்புகளையெல்லாம் கேட்டுப் படித்துக்கொள்ளும். அதன்பின் போனை அதுவே எடுத்து அவள் குரலில் பேசும். ஆள் நேரில் வந்தால், வரவேற்பறைத் திரையில் அவள் முகத்தோடு தோன்றிப் பேசும். சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் ஒரே வரியில் விஷயம் மட்டும் அவள் கைக்கு வந்துவிடும். பொய் பேசுமா என்று அவள் கேட்டாள். அதற்கு அவன், நீங்கள் சொல்லும் 'ம்'மைத்தான் அதுவும் சொல்லும், நீங்கள் சொல்லும் 'அட'வைத்தான் சொல்லும், இதில் பொய் எங்கே வந்தது என்றான். பழகப் பழக, ஆள் வாயைத் திறந்ததுமே இதில் விஷயம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்ளுமாம். இல்லையென்றால் யார் மனசும் நோகாமல் பேச்சை முடித்து வைத்துவிடுமாம்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். இந்தப் பக்கத்துல 'வெச்சிரட்டுமா'ன்னு சொன்னதுக்கு அப்புறமும் பேசிட்டே இருக்காங்க. மிஷின் எத்தனாவது வெச்சிரட்டுமாவுக்கு வெக்கணும்?"

"மொதல்லயே வெக்கச் சொல்லுங்க தம்பி. அதுக்கு மேல பேசறதெல்லாம் வெட்டிப்பேச்சு. அந்த 'அப்புறம்'கற வார்த்தை மட்டும் அது வாயில வரவே கூடாது."

"அத எடுத்துடறோம் மேடம். பெட்டி வாங்கற எல்லாருமே அதத்தான் எடுக்கச் சொல்றாங்க. இப்ப கம்பெனியிலயே எடுத்துட்டுத்தான் அனுப்பறாங்க."

சும்மா சொல்லக்கூடாது, பெட்டி வேலை செய்தது. சாந்தாமணியின் காலைகள் திடீரென்று அகலமாகிவிட்டன. லீவு கேட்க வரும் தறிக்காரர்கள் வரவேற்பறைத் திரைமுன் நின்று, மாமியாரின் முழங்காலிலிருந்து தொடங்கிச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அவள் கையில் 'லீவு, இரண்டு நாள்' என்று ஒரு வரி வரும். சரி என்று ஒரு தட்டு. அவர்களுக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். மிச்சமான நேரத்தில் இன்னொரு ஷெட் எழுந்தது. ஜெர்மனிக்காரன் ஆர்டர் வந்தது. நாச்சிமுத்துவின் பெயருக்கு நேராக மட்டும் 'விஷயம் இல்லை' என்றே வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் நூல் விலை சொல்லாமல் கொள்ளாமல் ஏறி அவளைக் கடித்தது. சந்தை அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். நாச்சிமுத்து கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இந்திராணியின் நாலு மணிப் போனை அவள் பெட்டியிடம் கொடுக்கவில்லை. அதற்கு மனசு வரவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டும், கையில் பில்லைப் புரட்டிக்கொண்டும், மூன்றாவது வெச்சிரட்டுமா வரைக்கும் கேட்கத்தான் செய்தாள். ஜெர்மனிச் சரக்கு கப்பலேற வேண்டிய மாதத்தில், இந்த ஒரு மாதம் மட்டும் என்று சொல்லி அதையும் பெட்டிப்பக்கம் திருப்பிவிட்டாள். தினமும் சாயங்காலம் 'இந்திராணி. விஷயம் இல்லை' என்று வந்தது. விஷயம் இல்லையென்றால் நல்லாயிருக்கிறாள் என்றுதானே பொருள்? மாதம் முடிந்தது. அடுத்த கப்பல் வந்தது. திருப்பிவிட்டதைத் திரும்ப எடுக்க மறந்தே போனாள்.

இரண்டு வருஷம் ஓடியது. முன்பெல்லாம் நாலு மணிக்கு பிளாஸ்க்கோடு ஆறு தம்ளர் அவள் அறைக்கு வரும், யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று. எப்போது அது ஒரே தம்ளராக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் அந்த ஒற்றைத் தம்ளரைப் பார்த்தபடி இருந்தவளுக்கு, காலையிலிருந்து தான் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைத்தது. டீ கொண்டுவந்த அம்மாளிடம், சர்க்கரை கம்மியோ என்று கேட்டாள். தொண்டை கரகரத்தது. அந்த அம்மாள் பயந்துபோய் டீயை மாற்றிக் கொண்டுவர ஓடிவிட்டாள்.

அந்த வாரம்தான் சென்னைக் கம்பெனி ஒன்று அவளுடைய யூனிட்டை அப்படியே விலைக்குக் கேட்டது. நல்ல விலை. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வக்கீல் சரி என்றார், ஆடிட்டர் சரி என்றார். ஆனால் விற்றபிறகு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவர்களிடம் கேட்க முடியாதல்லவா? அதைக் கேட்க ஓர் ஆள்தான் உண்டு. கேட்க வேண்டியதும் ஒன்றுதான். இந்திரா, நானும் விற்றுவிடுகிறேன், நீயும் அட்டைப்பெட்டிக் கம்பெனியை உன் பையன் கையில் கொடுத்துவிடு, இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொள்வோமா? இதை எடுத்த எடுப்பில் கேட்க முடியுமா? சாந்தாமணியும் அந்த ஊர்க்காரிதானே.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெட்டியை நிறுத்திவிட்டு அவளே போனை எடுத்தாள். இந்திராணியின் குரல் மாறவே இல்லை. என்ன புள்ள பண்றே என்றது, சாப்பிட்டியா என்றது. சாந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மழையைச் சொன்னாள், நூல் விலையைச் சொன்னாள், முழங்கால் வலியைச் சொன்னாள், ஒற்றைத் தம்ளர் டீயைக்கூடச் சொன்னாள். அந்தப் பக்கம் 'ம்' கொட்டியது, 'அட' என்றது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. இவ்வளவு ஆசையாக யாரும் தன் பேச்சைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள். இனி விஷயத்துக்கு வரலாம் என்று மூச்சு வாங்கிக்கொள்வதற்காக, "சரி, வெச்சிரட்டுமா?" என்றாள்.

"சரி புள்ள, வெச்சிரு" என்றது இந்திராணியின் குரல். போன் கட்டாகிவிட்டது.

சாந்தாமணி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. முப்பது வருஷத்தில் இந்திராணி ஒரு தடவைகூட முதல் வெச்சிரட்டுமாவுக்கு வைத்ததில்லை. அவள் அப்பா செத்த அன்றுகூட வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்திராணி வீட்டுக்குப் போனாள். மருமகள் கதவைத் திறந்து, வாங்க சித்தி என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, கொஞ்சம் திகைத்தாற்போல் பார்த்தாள். அத்தை கோபிக்கு, அவர் தங்கை வீட்டோடு போய் எட்டு மாசமாயிற்றே என்றாள். "உங்ககிட்டச் சொல்லலீங்களா சித்தி? தெனமும் உங்ககூடப் பேசறேன்னுதான சொன்னாங்க?" சாந்தாமணி, சொன்னாள், மறந்துவிட்டேன் என்றாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்து காரை நேரே கோபிக்கு விட்டாள்.

கோபியில் வாய்க்காலை ஒட்டி வீடு. தங்கை குடும்பம் ஏதோ விசேஷத்துக்குப் போயிருக்க, இந்திராணி தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழவில்லை.

"வா சாந்தா. உக்காரு" என்றாள். வழி எப்படி இருந்தது என்று கேட்டாள். மழை வருமா என்று கேட்டாள். ஊரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தத்திடம் கேட்பது போலக் கேட்டாள். சாந்தாமணி பதில் சொல்ல வாயெடுக்கும்போது, ஜன்னல்கட்டையில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி மினுங்கியது. மணி நாலு.

"இரு. வேடிக்கையக் கேளு" என்று சொல்லி இந்திராணி எட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

"என்ன புள்ள பண்றே?" என்றது பெட்டிக்குள்ளிருந்த இந்திராணி.

"சும்மாதான் இந்திரா. நீ சாப்புட்டியா?" என்றது திருப்பூரிலிருந்து சாந்தாமணியின் குரல்.

வெள்ளிக்கிழமை பேசி முடித்ததும் சாந்தாமணி வழக்கம் கையைவிட்டுப் போகாமல் தன் பெட்டியை மறுபடி போட்டுவிட்டிருந்தாள். அது இப்போது ஆளில்லாத அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. இரண்டு குரலும் மழையைப் பேசின. அரிசி விலையைப் பேசின. ஒன்று பழைய கதை ஒன்றைச் சொல்ல, மற்றது விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இரண்டு பேரும் எவ்வளவு ஒட்டாக இருந்தார்கள்! சாந்தாமணி தன் சிரிப்பைத் தானே கேட்டாள். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கு ஞாபகமில்லை. பிறகு, வெச்சிரட்டுமா என்றது ஒன்று. சரி வெச்சிரு என்றது மற்றது. அவள் கைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்க்காமலே அதில் என்ன வந்திருக்கும் என்று தெரியும். இந்திராணி, விஷயம் இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கூப்ட்டேன்" என்றாள் இந்திராணி, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. "வெச்சிரட்டுமான்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வெச்சிருச்சு. மக்கா நாளு மறுக்கா கூப்ட்டப்பவும் அப்படித்தான். அப்பவே தெரிஞ்சு போச்சு, அது நீ இல்லைன்னு. நீ கொட்டாவி விடுவே, பில்லுப் பொரட்டற சத்தம் கேக்கும். மொதத் தடவையே மட்டும் வெக்க மாட்டே."

"பின்ன ஏன் புள்ள தெனமும் கூப்ட்டே?"

"உன்ற கொரலாச்சேன்னு ஒரு வருசம் அதுகூடவே பேசிட்டிருந்தேன். பொறகு அதுவும் முடியல. நானும் ஒரு பொட்டிய வாங்கி வெச்சுட்டு இங்க வந்துட்டேன்."

"நிறுத்தியிருக்கலாமே. நீ கூப்படலைன்னா நான் கேட்டிருப்பனே?"

இந்திராணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டிருப்பியா? நிறுத்துனா அது தெரிஞ்சு போயிருமே சாந்தா. நான் கூப்படாதது உனக்குத் தெரியாமயே போச்சுன்னா, அதுக்கு மேல நான் என்ன பண்றது? அதுக்குப் பயந்துட்டுத்தான் பொட்டி வாங்குனேன்."

சாந்தாமணி விற்கப்போவதைச் சொல்லவில்லை, ஒரே வீட்டைச் சொல்லவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நீ என்ன கேட்க வந்தாய் என்று மட்டும் கேட்டாள். அது அப்போதைய கேள்வி, இப்போது எதற்கு என்று இந்திராணி முடித்துவிட்டாள். அவள் போட்டுக் கொடுத்த காபியைச் சாந்தாமணி குடித்தாள். கிளம்பட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்றாள் இந்திராணி, முதல் தடவையே. வாசல் வரைக்கும் கூட வந்தாள், அவ்வளவுதான்.

காரில் ஏறிய பிறகு சாந்தாமணி கண்ணாடியை இறக்கி, "நாளைக்கு நாலு மணிக்கு நானே எடுக்கறேன்" என்றாள்.

"எடு. கூப்படறது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் இந்திராணி. விளையாட்டுக்குச் சொன்னாளா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சென்னைக்காரர்கள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் சொல்கிறேன் என்று அவளே எடுத்துச் சொன்னாள். பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டிருந்தாள். டீ வந்தது, ஒற்றைத் தம்ளர். இன்னொன்று கொண்டு வைக்கச் சொன்னாள். யாருக்கு என்று கேட்காமல் அந்த அம்மாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"என்ன புள்ள பண்றே?" என்றது குரல். நேற்றுப் பெட்டி கேட்ட அதே கேள்வி, அதே இழுப்பு.

"சும்மாதான். நீ சாப்புட்டியா?" என்றாள் சாந்தாமணி. சொன்ன பிறகுதான், தானும் பெட்டி சொன்னதையே சொல்கிறோம் என்று தோன்றியது. வேறு என்னதான் சொல்வது? மனுஷர்கள் சொல்வதும் அதைத்தானே. மழையைப் பற்றிக் குரல் கேட்டது, சொன்னாள். முழங்காலைப் பற்றிக் கேட்டது, சொன்னாள். 'ம்' வந்தது, 'அட' வந்தது. பெட்டிக்கும் இந்த 'ம்' தெரியும், இந்த 'அட'வும் தெரியும். காதை அழுத்திக் கேட்டாள். மூச்சுச் சத்தம் கேட்கிறதா? வாய்க்கால் சத்தம் கேட்கிறதா? தறி ஓடுகிற இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. எழுந்து போய், வேலை நேரத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக, மெயின் ஸ்விட்சை இறக்கினாள். ஷெட் முழுக்க அமைதியாகிவிட்டது. தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. பெட்டியாக இருந்தால் உடனே 'சரி, வெச்சிரு' என்றுவிடும். இந்திராணியாகவே இருந்தாலும், இரண்டு வருஷத்துக் கோபத்தில் அதையேதான் சொல்லலாம். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

"சரி இந்திரா" என்றாள். "வெச்சிரட்டுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து உடனே வர வேண்டிய 'சரி' வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. சாந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கோ தூரத்தில் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு மூச்சை நீளமாக இழுத்து விட்டார்கள்.

"அப்புறம்?" என்றாள் இந்திராணி.